காற்றின் மேல் போட்ட பழி

ஸ்டோன் ஹார்பர், மிச்சிகன்
1986 செப்டம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள ஆர்வோவுக்கு,

சைமா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் கப்பலும் தண்ணீருக்கு மேலேயே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகுக்காரர் இதை வாளியில் போட்டு, நீங்கள் கயிற்றைப் பிடித்து மேலே இழுக்கும்போது வியாழக்கிழமை ஆகிவிடும். வாளியைப் பார்த்ததுமே உனக்குக் கை பரபரக்கும் என்று தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம். பதினேழுக்குப் பத்து.

இனி காபியை ஊற்றிக்கொண்டு நிதானமாகப் படி.

"இந்த வருஷம் நம்ம காலேஜ் ஃபுட்பால் டீமு, நீர்நாய்ங்க, தேறுவானுங்களா?" என்று ஒவ்வொரு செப்டம்பரும் கேட்கிறாய். ஊர் ரேடியோ ஏரியில் பாதி தூரம்கூட வருவதில்லை என்பதால் என்னைக் கேட்பதைத் தவிர உனக்கு வேறு வழியும் இல்லை. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் பதினாறு வருடமாகக் கரண்டி பிடிக்கிறவள் நான். பயிற்சியாளர் ட்ரெகியர் மைதானத்தில் தேடுவதை நான் தட்டில் பார்த்துவிடுவேன். அவரே வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, "சைமா, பசங்க என்ன சாப்பிட்டானுங்கன்னு சொல்லு, நாளைக்கு என்ன ஆகும்னு நான் சொல்றேன்" என்பார். தோற்கப்போகிறவன் கடைசியில் இனிப்புக்குக் கொடுக்கிற ஆப்பிள் பை பலகாரத்தை மிச்சம் வைப்பான். இதுவரை தப்பியதில்லை.

இந்த வருடத்து மதிப்பீடு இதோ. முன்வரிசைத் தடியன்கள் ஐந்து பேரும் மூன்று மூன்று தட்டு உருளைக்கிழங்கு மசியல் சாப்பிடுகிறார்கள். ஆளை நகர்த்த முடியாது. முதல் வருடத்துப் பையன் வென்டெல் பூன் என்று ஒருவன் வந்திருக்கிறான். பந்தைக் கையில் கொடுத்தால் கட்டறுத்த கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறான். எந்தப் பக்கம் ஓடுவான் என்று அவனுக்கே தெரியாது, அதனால் எதிரிக்கும் தெரியவில்லை. பந்தெறிகிறவனுக்குக் கை நல்ல கைதான், ஆனால் எறிவதற்கு முன்னாலேயே எங்கே எறியப்போகிறானோ அங்கே வெறித்துப் பார்க்கிறான். நேற்று அதனாலேயே இரண்டு பந்து எதிரி கைக்குப் போயிற்று. பின்வரிசைத் தடுப்பு இருக்கிறதே, அது ஓட்டைப் பானை. அக்டோபருக்குள் அடைத்தால் உண்டு.

நம் மகனைப் பற்றித்தான் முதலில் தேடியிருப்பாய். நீல் நன்றாக உதைத்தான். முப்பத்தொரு கெஜத்திலிருந்து ஒன்று, கம்பங்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி போயிற்று. இன்னொன்றைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏரிக்காற்று, உனக்குத் தெரியாததா.

பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். நடுவில் ஓட்டையாக இருக்கிறதே என்று முறைக்காதே. பின்பக்கம் சோப்புத்தூள் கூப்பன் இருந்தது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் 18 பெற்றோர் நாள். ஆட்டத்துக்கு முன்னால் கடைசி வருடத்துப் பையன்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். வலது பக்கம் அம்மா, இடது பக்கம் அப்பா, நடுவில் மகன். மூன்று பேரும் மைதானத்தின் நடுக்கோடு வரை நடந்து போக வேண்டும். அதற்காக உன் நீலக் கோட்டில் கிழிந்திருந்த கக்கத்தைத் தைத்து வைத்துவிட்டேன். விடுப்புக்குச் சொல்லிவிட்டாயா? மாற்று ஆளின் பெயரை அக்டோபர் 5க்குள் கொடுக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்? மறந்துவிடாதே.

கம்பளி உள்ளாடையைப் போட்டுக்கொள். வயது ஐம்பது, இருபது இல்லை.

அன்புடன்
உன் சைமா


செப்டம்பர் 21, ஞாயிறு

அன்புள்ள (இன்றைக்குக் கொஞ்சம் குறைவாக) ஆர்வோவுக்கு,

உன் கடிதம் வியாழனன்று வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். உட்கார்ந்து படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது.

நான் மாங்குமாங்கென்று எழுதியதையெல்லாம் படித்துவிட்டு நீ எடுத்துக்கொண்டது இதுதானா? "டீம் நல்லா போய்ட்டிருக்கு. நீல் காலும் நல்லா இருக்கு. நான் வந்து கெடுக்க வேணாம். என் ராசி அப்படி. லீவை நம்ம கப்பல் கஸ்ஸுக்குக் குடுத்துடறேன், அவன் பொண்ணுக்குக் கொழந்த பொறக்கப்போகுது." கஸ்ஸுக்கு என் வாழ்த்துகளைச் சொல். அவன் பேத்தி அவன் வந்தாலும் பிறப்பாள், வராவிட்டாலும் பிறப்பாள். பெற்றோர் நாள் அப்படியில்லை.

1984இல் கப்பல் பழுதாகி ஊருக்கு வந்தபோது ஒரு ஆட்டம் பார்த்தாய், நீல் ஒன்றைத் தவறவிட்டான், இரண்டு புள்ளியில் தோற்றோம். போன வருடம் யாரிடமும் சொல்லாமல் வந்து வேலிக்குப் பின்னால் நின்றாய், இரண்டை விட்டான். நீ வராத நாளில் அவன் காலால் ஒன்றுகூடத் தவறியதில்லை, தவறியதெல்லாம் காற்றால்தான். இதுதான் உன் வாதம். சுக்கான் பிடித்து இருபத்தாறு வருடமாக இரும்புத்தாதுக் கப்பலை ஓட்டுகிற மனுஷன், ஒரு ஆட்டக்காரன் காலை வேலிக்குப் பின்னாலிருந்து கோணலாக்க முடியும் என்று நம்புகிறான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று எழுதப்போனேன். இந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் பழுப்புக் கழுத்துத்துணியைப் போன வருடம் நவம்பரிலிருந்து நான் துவைக்கவில்லை. பக்கத்து இருக்கை ஹில்மா, நீல் உதைக்க வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு, "போச்சா? போச்சா?" என்று என் முழங்கையைக் கிள்ளுவாள். பந்தைத் தரையில் பிடித்து நிறுத்துகிற டேல் கங்காஸ் இடது காலுறையைத்தான் முதலில் போடுவான். எல்லோருக்கும் ஒரு கிறுக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கிறுக்கை வைத்துக்கொண்டு நாங்கள் மைதானத்துக்கு வருகிறோம். நீ ஒருத்தன்தான் வராமல் இருக்கிறாய்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். "ஆறாம் தேதி நாங்க அந்தப் பக்கமாத்தான் போனோம். ஏரி எண்ணெய் ஊத்துன மாதிரி கெடந்துச்சு. ஒனக்கு மட்டும் எங்கேர்ந்து காத்து?" மைதானம் இரண்டு குன்றுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே காற்று தன் இஷ்டத்துக்கு அடிக்கும். இதையெல்லாம் கப்பலில் இருந்துகொண்டு விசாரிக்காதே.

ஆட்டச் செய்தி. 13ஆம் தேதி இருபத்து நாலுக்கு இருபத்தொன்று, ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் முப்பத்தேழு கெஜத்திலிருந்து நீல் உதைத்ததுதான் அந்த மூன்று புள்ளி. சத்தியமாகச் சொல்கிறேன், அது போன அழகைப் பார்த்து ட்ரெகியர் தன் தொப்பியைத் தானே மிதித்துவிட்டார். ஹில்மா கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, பாவம். நேற்றும் ஜெயித்தோம், ஆனால் அசிங்கமாக. பூன் இரண்டு தடவை பந்தைக் கீழே போட்டான். மூன்றும் ஜெயித்தாலும் என் கருத்து மாறவில்லை. முன்வரிசை மலை, பின்வரிசை ஓட்டை.

புதன்கிழமை நீல் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்கதவு வழியாக வந்தான். நான் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்று சீவினான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா வர்றாரா?" என்றான். இன்னும் தெரியவில்லை என்றேன். "சரி" என்றான். நாலு கேரட் ஆனது. "வரலன்னா பரவால்ல. கோச்ச நிக்கச் சொல்லிக்கலாம்" என்றான். அவன் குரல் உன் குரல் மாதிரியே இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது மட்டும்.

போகும்போது ஒரு துண்டு ஆப்பிள் பை கொடுத்தேன். பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போனான்.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. யோசித்துப் பார்.

சைமா


செப்டம்பர் 28, ஞாயிறு

என் ஆர்வோவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. கஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் அவனை வெளியே அனுப்பு. உடல்நலத்தில் யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு அதிகம் பழக்கமில்லாத வேலை, அதனால் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று தோற்றோம். பதினைந்துக்குப் பதினாலு. கடைசியில் பதினோரு நொடி இருந்தது. பூன் கன்றுக்குட்டி நாற்பது கெஜம் ஓடிப் பந்தை வாசலில் கொண்டு வந்து வைத்தான். இருபத்தாறு கெஜம்தான். நீல் தூக்கத்தில்கூட உதைப்பான். டேல் பந்தைக் குண்டூசி நட்ட மாதிரி நிறுத்தினான். நீல் உதைத்தான். இடது கம்பத்துக்கு வெளியே போயிற்று.

காற்று இல்லை, ஆர்வோ. கம்பத்துக் கொடி துவைத்துப் போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இன்றைக்குக் கோயில் முடிந்து நீலும் டேலும் சாப்பிட வந்தார்கள். பேஸ்டி சுட்டிருந்தேன், மாவுக்குள் இறைச்சியோடு டர்னிப் அதிகமாக வைத்து மடித்து, நீலுக்குப் பிடித்த மாதிரி. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. சிரிக்க வைக்கலாம் என்று, "விடுடா, அப்பாவுக்குக் காத்துன்னு எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்கு எமன்.

நீல் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நேத்து காத்தே இல்லயேம்மா" என்றான். நான் குழம்புப் பாத்திரத்தைத் தேடினேன். அது மேசையில்தான் இருந்தது. "இதுவரைக்கும் எத்தனைக்குக் காத்துன்னு எழுதியிருக்க?" என்று கேட்டான்.

எல்லாவற்றுக்கும் என்றேன். காற்று சலித்துப்போனால் மழை, மழை சலித்துப்போனால் டேல் என்றேன்.

டேல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நானா? அதான் கிறிஸ்துமஸுக்கு நான் கை நீட்டினப்போ மிஸ்டர் லாமி கோட்டை மாட்டப் போயிட்டாரா? ஒன்பது மாசமா நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிட்டிருக்கேன், மிஸஸ் லாமி!" என்றான். ஆமாம் ஆர்வோ, அந்தப் பையன் ஒரு பந்தைக்கூடத் தவறாக நிறுத்தியதில்லை. மூன்று வருடமாக நம் வீட்டில் சாப்பிடுகிறவன் மேல் பழியைப் போட்டேன். இன்றைக்கு அவனுக்கு இரண்டு பேஸ்டி கூடுதலாகக் கொடுத்தேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

முழுசாகச் சொல்கிறேன். நீ ஏரியில் இருந்தபோது நீல் தவறவிட்டது பதினொன்று. 1984இல் நாலு. போன வருடம் ஐந்து. இந்த வருடம் இரண்டு, நேற்றையதையும் சேர்த்து. நான் அனுப்பிய பத்திரிகைத் துண்டுகளில் ஓட்டை இருந்ததே, பின்பக்கம் சோப்பும் இல்லை கூப்பனும் இல்லை. அங்கேதான் "லாமி தவறவிட்டார்" என்று அச்சடித்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினேன். குளிர்காலத்தில் நீ வீட்டில் இருக்கும்போது யாராவது உளறிவிடுவார்களோ என்று முதல் வருடம் பயந்தேன். நம் ஊர்க்காரர்களின் வாய் உனக்குத் தெரியுமே. கேட்டால்தான் பதில், கேட்டாலும் பாதிதான். நீயும் கேட்கவில்லை.

எதற்காகச் செய்தேன் என்று கேட்பாய். நீ ஒன்பது மாதம் இரும்புக்குள் இருக்கிறாய். சனிக்கிழமை வந்தால் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே மனசு இங்கே கிடந்து அடித்துக்கொள்ளும். கெட்ட செய்தியைப் படித்துவிட்டு நீ பேசிக்கொள்ளக்கூட ஆளில்லாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே என்று நினைத்தேன். உனக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். நீ பார்த்த இரண்டு நாளை மட்டும் என்னால் வெட்ட முடியவில்லை. அந்த இரண்டு நாள்தான் உன்னிடம் மிச்சம் இருந்தது. அதை வைத்து நீ உனக்கொரு ராசி கட்டிக்கொண்டாய். கட்டியது நீயாக இருக்கலாம், கல்லும் மண்ணும் கொடுத்தது நான்தான்.

அப்போதும் நீ கணக்குப் போடுவாய், தெரியும். இரண்டே நாளில் மூன்று என்பது அதிகம்தானே என்பாய். போட்டுக்கொள். நானும் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போன வருடம் வேலிக்குப் பின்னால் உன் தொப்பியைப் பார்த்தபோது என் மனசும் ஒரு நொடி "ஐயோ" என்றது. உன் மேல் எனக்கு உயிர், இருந்தும் ஐயோ என்றது. அதற்கு வெட்கப்படுகிறேன். அவன் கால் தவறுகிற கால், அவ்வளவுதான் விஷயம். நீ இருந்தாலும் தவறும், இல்லாவிட்டாலும் தவறும். பாதிக்கு மேல் உள்ளே போகும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

டேல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீ ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்பதை நீலிடம் சொன்னேன். உன் ராசிக் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. "அவரு என்னைப் பாத்து வெக்கப்படறாருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான். எனக்குப் புரியவில்லை. "போன வருஷம் வேலிகிட்ட நின்னாரு. நான் பாத்தேன். மொதல்ல ஒண்ணு விட்டேன், நின்னுட்டிருந்தாரு. ரெண்டாவது விட்டதும் திரும்பிப் பாத்தேன், போயிட்டாரு. அதுக்கப்புறம் வரவே இல்ல" என்றான்.

ஒரு வருடமாக இதை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான், ஆர்வோ. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ மைதானத்தை விட்டுப் போனாய். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் பத்திரிகையை வெட்டினேன். நடுவில் அவன் தனியாக நின்றிருக்கிறான். நாம் இரண்டு பேரும் அவனுக்கு எழுதாமல் விட்ட கடிதத்தை அவனே தப்பும் தவறுமாக எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறான்.

நீ ஏன் போனாய் என்று நான் அவனிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினான். ஆனால் இது என் வாயிலிருந்து வருகிற சொல். காற்று அடித்தது என்று மூன்று வருடம் எழுதிய வாய். அவன் ஏன் நம்ப வேண்டும்?

கோச் ட்ரெகியரிடம் இடது பக்கம் நிற்கச் சொல்லவா என்று அவனைக் கேட்டேன். "வேணாம். காலியா இருக்கட்டும்" என்றான். அதனால் 18ஆம் தேதி வலது பக்கம் நான் நடப்பேன். இடது பக்கம் யாரும் நடக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது.

இந்தக் கடிதம் வாளியில் ஏறும்போது தேதி இரண்டு ஆகியிருக்கும். ஐந்தாம் தேதிக்குள் கப்பலின் தலைமை மேட் அதிகாரியிடம் விடுப்புக்கு உன் பெயரைச் சொல். கஸ்ஸுக்கு அடுத்த விடுப்பைக் கொடு, அவன் மனைவிக்கு நான் தனியாக எழுதுகிறேன், அவள் புரிந்துகொள்வாள்.

ஜெயிப்பதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. இந்த வருடத்து அணியைப் பற்றி என் உண்மையான மதிப்பீடு இது: பாதி ஆட்டம் ஜெயிக்கும், பாதி தோற்கும், அக்டோபர் 18 எந்தப் பாதி என்று ஆப்பிள் பை கொடுத்துப் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. அவன் உதைப்பதைப் பார்க்க வா. உள்ளே போனால் எல்லோரோடும் சேர்ந்து கத்து. வெளியே போனால் நின்ற இடத்தில் நில். அவன் திரும்பிப் பார்ப்பான், ஆர்வோ. அப்போது அங்கே இரு.

டேல் வேலியருகே வந்து கை நீட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். கோட்டை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு வா.

ஏரி உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். காற்று உன் பின்னாலிருந்தே அடிக்கட்டும். அதன் மேல் இனி எந்தப் பழியும் போட மாட்டேன்.

என்றும் உன்
சைமா

பி.கு. நேற்றைய ஆட்டத்தின் பத்திரிகைத் துண்டை அடுத்த தபாலில் அனுப்புகிறேன். முழுசாக இருக்கும்.